வீட்டில் கட்டிய காரையும் பரிசோதித்துப் பதியுங்கள்: மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் ஒன்றின் எஞ்சின், கியர்பொக்ஸ், அக்ஸில், பிரேக் எல்லாவற்றையும் கழற்றி, சொந்தமாக வெல்ட் பண்ணிய செசியில் (காரைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில்) பூட்டி, வீட்டு வளவுக்குள்ளேயே கார் கட்டுகிறவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன். நாங்கள் கேட்பது ஒன்றுதான். எங்கள் வாகனத்தைப் பரிசோதியுங்கள். தேறினால் அதற்கென்று ஒரு பதிவு இலக்கம் கொடுங்கள். தேறாவிட்டால் வீதியில் இறங்க விடாதீர்கள்.

இந்த வேலையில் இருக்கிற யாரிடமாவது போய், கட்டி முடித்த பிறகு எப்படிப் பதிவது என்று கேட்டுப் பாருங்கள். "பழைய காரின் பதிவுப் புத்தகம் இருக்குதானே, அதிலேயே ஓட வேண்டியதுதான்" என்பார்கள். அதாவது, பழைய பொடியில் (காரின் வெளிக்கூட்டில்) செசி இலக்கம் அடித்திருக்கும் தகட்டை வெட்டி எடுத்துப் புதுச் சட்டத்தில் வெல்ட் பண்ணுவது. பிறகு புகைப் பரிசோதனை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் அந்த இலக்கத்தின் பேரிலேயே எடுப்பது. புத்தகத்தில் இருப்பது நாற்பது வருடத்துக்கு முந்திய ஒரு கொரோலா. கொழும்பு - காலி வீதியில் போவது வேறொரு வாகனம். அதன் பிரேக்கையோ ஸ்டியரிங்கையோ தகுதியுள்ள ஒருவர் பார்த்ததே இல்லை. நாளைக்கு ஒரு விபத்து நடந்து, இது பதிவில் உள்ள வாகனமே அல்ல என்று தெரியவந்தால், அடிபட்டவரின் குடும்பம் நட்ட ஈட்டுக்காக எத்தனை வருடம் வழக்காட வேண்டியிருக்கும்? இந்தக் குறுக்குவழியில் போக எனக்கு மனமில்லை. எனக்குத் தெரிந்த, கையில் நல்ல வேலையுள்ள பல பொடியன்மாருக்கும் மனமில்லை. நேர்வழி ஒன்றைக் காட்டச் சொல்லித்தான் உங்களிடம் வருகிறோம்.

வேலை எப்படி நடக்கிறது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். நான் எடுத்தது ஒரு பழைய டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் வேகன். வெள்ளவத்தையில் கடற்காற்று எந்தத் தகரத்தையும் விட்டுவைப்பதில்லை. அந்த வேகனின் தரையும் கதவடியும் துருப்பிடித்து விரல் பட்டாலே உதிர்ந்தன. டிங்கரிங் பாஸ் ஒருவர் பார்த்துவிட்டு, "இதுக்குத் தகரம் அடிக்கிற காசுக்கு வேற வண்டியே வாங்கலாம் தம்பி" என்றார். ஆனால் உள்ளே இருந்த 1,290 சிசி 4கே எஞ்சின் நல்ல நிலையில் இருந்தது. அதன் கியர்பொக்ஸ், ப்ரொபெல்லர் ஷாஃப்ட், பின் அக்ஸில், முன் ஹப்கள், பிரேக் மாஸ்டர் சிலிண்டர், ஸ்டியரிங் கொலம், பெடல்கள், ஹேண்ட் பிரேக், மீற்றர் போட், வயரிங் எல்லாமே பாவிக்கக்கூடியவை. எஞ்சின் முன்னால், இழுவை பின்னால் என்பதால் இந்தப் பழைய கொரோலாக்களும் நிசான் சன்னிகளும் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தம். முன்சில்லு இழுக்கும் கார்களில் எஞ்சினும் கியர்பொக்ஸும் ஒன்றாகக் குறுக்கே கிடப்பதால், நீளமான இரண்டு இருக்கைக் காருக்குள் அவற்றை அடக்குவது சிரமம்.

செசி, ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்துக் கட்டும் சட்டகம். குழாய் பழைய சோனகத் தெருவில் கிடைக்கும். வாங்கும்போது சுவரின் தடிப்பைக் கலிப்பர் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கேற் அடிக்கிற மெல்லிய குழாயும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். வெல்டிங் பிடிக்கிறவர் முதலில் துண்டுக் குழாய்களில் மூட்டு வைத்துப் பழகுவார். அந்த மூட்டை வைஸில் இறுக்கிச் சுத்தியலால் அடிப்போம். வெல்ட் அப்படியே பெயர்ந்து வந்தால் இரும்பு உருகிப் பிடிக்கவில்லை, மேலே ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். குழாய் கிழிந்து வெல்ட் நின்றால்தான் அந்தக் கை செசியைத் தொடலாம். இந்தச் சோதனையை நாங்களே ஏற்படுத்திக்கொண்டோம். எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

பிரேக் குழாயை எடுங்கள். அதன் நுனியை விரித்து நட்டுக்குள் இருத்தும்போது தகடு இரட்டையாக மடிந்து வர வேண்டும். ஒற்றையாக விரித்தாலும் அன்றைக்குப் பிரேக் பிடிக்கும், ஒயிலும் கசியாது. ஆனால் அந்த உதடு மெல்லியது. நாள்பட்ட அதிர்வில் அதில் ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்தால், பெடல் தரையோடு போய்விடும். வெளியே நின்று பார்க்கிற பொலிஸ் உத்தியோகத்தருக்கு இது தெரிய வழியில்லை. புகைப் பரிசோதனையிலும் தெரியாது, அது பார்ப்பது புகையை மட்டும்தான். நட்டைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்த ஒரு பரிசோதகருக்குத்தான் தெரியும்.

மற்ற நாடுகள் இந்தச் சிக்கலைத் தீர்த்து நெடுங்காலமாகிறது. பிரித்தானியாவில் 1957இல் வந்த லோட்டஸ் செவன், அக்கு அக்காகப் பெட்டியில் வாங்கி வீட்டில் பூட்டக்கூடிய கார். முழுக் காருக்கு இருந்த கொள்வனவு வரி பாகங்களாக விற்றதற்கு இல்லாததால் இந்தப் பழக்கம் அங்கே வேரூன்றியது. 1973இல் வரி முறை மாறி அந்தச் சலுகை போன பிறகும் கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டேயிருந்தார்கள். அவர்களை ஒழித்துக்கட்ட அரசு நினைக்கவில்லை, பரிசோதிக்கத்தான் நினைத்தது. 1998இல் கார்களுக்குத் தனி வாகன அங்கீகாரப் பரிசோதனை கொண்டுவந்தார்கள். 2009இல் அதைத் திருத்திப் புதிய முறையாக்கினார்கள். பிரேக், ஸ்டியரிங், ஆசனப்பட்டி பூட்டும் இடம், கண்ணாடி, விளக்கு, இரைச்சல், புகை என்று அரசுப் பரிசோதகர் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருண்டை ஒன்றைப் பொடியின் மேல் உருட்டி, அது தொடுகிற விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீற்றர் ஆரத்துக்காவது மழுங்கியிருக்கின்றனவா என்றுகூடப் பார்க்கிறார்கள். பாதசாரி மேல் முட்டினால் வெட்டக்கூடாது என்பதற்காக. தான் கட்டியதுதான் என்பதற்குக் கட்டியவர் வேலை நடந்த காலத்துப் படங்களையும் பற்றுச்சீட்டுகளையும் காட்ட வேண்டும்.

பழைய காரின் பதிவு எதுவரை செல்லும் என்ற கேள்விக்கும் அங்கே கணக்கு வைத்தார்கள். நெடுங்காலம் அவர்கள் கையாண்ட முறையில் செசிக்கு 5 புள்ளி; சஸ்பென்ஷன், அக்ஸில், கியர்பொக்ஸ் தொகுதி, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2; எஞ்சினுக்கு 1. மொத்தம் 8 புள்ளிக்குக் குறைந்தாலோ, வேறொரு பழைய செசியோ வெட்டி மாற்றிய செசியோ போட்டிருந்தாலோ பழைய இலக்கம் போய்விடும். அங்கீகாரப் பரிசோதனையில் தேறினால் 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கும் தனி இலக்கம் கிடைக்கும். அந்த எழுத்தைக் கண்டால் வாங்குகிறவருக்கும் காப்புறுதிக்காரருக்கும் பொலிஸுக்கும் சங்கதி விளங்கிவிடும். அந்தப் புள்ளிகளை அப்படியே பிரதி பண்ணச் சொல்லவில்லை. ஆனால் அதன் அடிப்படை எனக்குச் சரியாகவே படுகிறது: எஞ்சின் மாறினாலும் அது பழைய கார்தான், செசி மாறினால் அது வேறு வாகனம்.

நியூசிலாந்தில் பயிற்சி பெற்றுச் சான்று வழங்கும் பொறுப்பாளர்கள் வாகனத்தைப் பார்த்து, தேறியதற்கு அடையாளமாக அதிலேயே ஒரு தகடு பொருத்துகிறார்கள். கலிபோர்னியாவில் தனியார் கட்டிய வாகனங்களுக்குப் புகை விதியில் தரும் சலுகையை வருடத்துக்கு 500 என்று மட்டுப்படுத்தியிருக்கிறார்கள். தொகை கைமீறிப் போகும் என்ற பயம் இருந்தால் அப்படி ஓர் உச்சவரம்பு நாமும் வைக்கலாம். முதல் வருடத்தில் இருபதோ முப்பதோ போதும் என்பேன்.

உங்கள் பக்கத்துக் கவலை எனக்குத் தெரியாததல்ல. பாதி வெட்டிய கார்களைப் பாகமென்ற பேரில் இறக்கி, இங்கே ஒட்டி, பொய் இலக்கம் அடித்து, சுங்க வரி கட்டாமல் வீதியில் விடுகிறவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். வீட்டில் கட்டுகிறவர்களுக்குக் கதவைத் திறந்தால் அவர்களும் நுழைந்துவிடுவார்கள் என்பது நியாயமான பயம். ஆகவே கதவைக் குறுகலாகவே வையுங்கள். பாகம் கொடுக்கிற பழைய வாகனம் இலங்கையில் பதிவான, கட்டுகிறவர் பெயருக்கு மாற்றப்பட்ட முழு வாகனமாக இருக்க வேண்டும். கட்டத் தொடங்கு முன்னரே திணைக்களத்துக்கு அறிவித்து, புத்தகத்தையும் இலக்கத் தகடுகளையும் ஒப்படைத்துப் பழைய பதிவை இரத்துச் செய்ய வேண்டும். வெட்டி இறக்கிய பாகத்துக்கு இடமே கூடாது. புதுச் செசிக்கு இலக்கத்தைத் திணைக்களமே கொடுத்து, பரிசோதகர் முன்னிலையில் அடிக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு வாகனம், பதிந்து மூன்று வருடத்துக்கு விற்பனை இல்லை. இதைப் படித்துவிட்டு என் நண்பர்கள் சிலர் என்மேல் கோபப்படுவார்கள், பஞ்சிகாவத்தையில் ஜப்பான் ஹாஃப் கட் எஞ்சின் மலிவாகக் கிடைக்கும்போது ஏன் இந்தக் கெடுபிடி என்று. ஆனால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பாகத்தை வைத்துக்கொண்டு அரசிடம் நம்பிக்கை கேட்க முடியாது. பழைய பதிவு வாகனத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் துறைமுகத்தில் ஒருமுறை வரி கட்டியாகிவிட்டது. ஒரு வாகனம் பதிவிலிருந்து போகிறது, ஒன்று வருகிறது. வீதியில் தொகை கூடாது, டொலரும் வெளியே போகாது.

இங்கே வாகனம் கட்டுவது புதிய காரியமுமல்ல. இறக்குமதியான செசியின் மேல் பஸ் பொடியும் லொறி பொடியும் நம் ஊர்ப் பட்டறைகளில்தான் கட்டுகிறார்கள். ஐம்பது பேர் ஏறுகிற பஸ்ஸின் கூரையையும் இருக்கையையும் உள்ளூர்க் கைகளை நம்பி விடுகிற நாடு, இரண்டு பேர் இருக்கிற காரைப் பரிசோதித்துப் பார்க்கவாவது முன்வரலாம். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தை நடத்திய நாடு இது. எஞ்சினைக் காதலிக்கிற பரம்பரை நமக்கு உண்டு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட அந்த வருடங்களில் இந்த நாட்டை ஓட வைத்தவர்கள் பஞ்சிகாவத்தையிலும் தெல்கந்தையிலும் கையில் கிரீஸோடு நின்ற பாஸ்மார்தான். கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கடைந்தார்கள், ஒரு வண்டியின் பம்பை இன்னொன்றுக்குப் பொருத்தினார்கள், தூக்கிப் போட வேண்டிய கியர்பொக்ஸைத் திரும்பவும் கட்டினார்கள். அந்தக் கைவேலையில் ஒரு பங்கு அடுத்த தலைமுறைக்குப் போவது இப்படி முழு வாகனம் ஒன்றைக் கட்டும்போதுதான். ஒரு பிரேக் பெடலின் நெம்புவிகிதம் (மிதிக்கிற பலத்தை அது எத்தனை மடங்காக்கும் என்பது) என்னவென்று புத்தகத்தில் படித்த பொடியனுக்கும், அதைத் தானே வெட்டிப் பொருத்தி, காலால் மிதித்துப் பார்த்த பொடியனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாமவன் வெளிநாடு போனாலும் நல்லாயிருப்பான், இங்கேயே நின்றால் நாடும் நல்லாயிருக்கும்.

பரிசோதிக்க ஆளில்லை என்று சொல்ல முடியாது. திணைக்களத்தில் மோட்டார் வாகனப் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். மொறட்டுவையில் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. செசி மூடுவதற்கு முன் ஒருமுறை, ஓடத் தயாரான பின் ஒருமுறை என இரண்டு பரிசோதனை போதும். முதலாவது மிக முக்கியம். பொடி ஏற்றிப் பெயின்ற் அடித்த பிறகு வெல்டிங்கை யாராலும் பார்க்க முடியாது. செலவை நாங்களே தருகிறோம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் எத்தனையோ தடவை திருத்தப்பட்டிருக்கிறது. இதற்கும் ஓர் ஒழுங்குவிதியை வர்த்தமானியில் வெளியிட்டால் காரியம் தொடங்கிவிடும்.

இன்னொன்று. அந்த விதிகளும் தொழில்நுட்பக் கையேடும் சிங்களத்தோடு தமிழிலும் ஒரே நாளில் வரவேண்டும். கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் வெல்டிங் பிடிக்கிற, லேத்தில் நிற்கிற பொடியன்மார் பலர் தமிழில்தான் வாசிக்கிறார்கள். எந்த போல்ட்டுக்கு எத்தனை இறுக்கம் என்பதை அவர்கள் இன்னொருவரைக் கேட்டு ஊகிக்கக் கூடாது. படத்தோடு, அவர்கள் கராஜில் பேசுகிற சொற்களிலேயே அந்தக் கையேடு இருக்கட்டும். மொழிபெயர்ப்புக்கு உதவி வேண்டுமானால், சம்பளமில்லாமல் செய்துதர நானும் இன்னும் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

என் செசி இப்போது வெறும் சட்டகமாக, பெயின்ற் இல்லாமல், ஒவ்வொரு மூட்டும் கண்ணுக்குத் தெரிகிற நிலையில் நிற்கிறது. வேகனின் புத்தகம் என் பெயரில் இருக்கிறது. கழற்றிய நாளிலிருந்து எடுத்த படங்களும், குழாய் வாங்கிய துண்டு முதல் எல்லாப் பற்றுச்சீட்டுகளும் ஒரே கோப்பில் இருக்கின்றன. முன்னோடிப் பரிசோதனைக்கு ஒரு வாகனம் தேவை என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாரஹேன்பிட்டி அலுவலகமோ வெரஹெர அலுவலகமோ, நீங்கள் சொல்கிற இடத்துக்கு லொறியில் ஏற்றிக் கொண்டுவருகிறேன். உங்கள் பரிசோதகர் சுத்தியலோடு வரட்டும்.

இப்படிக்கு,
வீட்டில் கார் கட்டும் ஒருவன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06