பைக் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுப்பது எமனை விலை கொடுத்து வாங்குவது மாதிரி என்று திருநெல்வேலி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை உங்கள் நாளிதழில் படித்தேன். இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் இறந்துபோன 1,68,491 பேரில் 44 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள்தான் என்ற கணக்கையும் அந்த ஐயா சொல்லியிருந்தார். கணக்கு உண்மை. அவர் மனசு நொந்து எழுதியிருப்பதும் தெரிகிறது. ஆனால், வண்டியே வாங்காதீர்கள் என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் பர்மாவில், பெகுவில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பத்திரிகையைப் போனில்தான் படிக்கிறோம். ரங்கூனில் 2003-லிருந்து நகரத்தின் பெரும்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருக்கிறது. அங்கே பஸ்ஸிலும் டாக்ஸியிலும் காலத்தை ஓட்டிவிடலாம். ஐம்பது மைல் தள்ளி எங்கள் ஊருக்கு வந்தால் கதையே வேறு. நேரத்துக்கு வரும் டவுன் பஸ் கிடையாது. மார்க்கெட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, கல்யாணத்துக்கு எல்லாமே பைக்தான். சொந்த வண்டி இல்லாதவர்கள் கேரியில் ஏறுகிறார்கள். வாடகைக்கு ஆள் ஏற்றும் பைக்கை இங்கே கேரி என்போம்.

என் மகள் ஒரு கிளினிக்கின் மருந்துக் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். பூட்டும்போது ராத்திரி ஒன்பது ஆகிவிடும். கரண்ட் போன தெருவில், முன்பின் தெரியாத ஆளின் பின்னால் உட்கார்ந்து அவள் வீடு வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்காது. கேரி கிடைக்காத நாளில் தெருநாய்களுக்கு நடுவில் நடந்து வருவாள். வண்டி வாங்கினால் என்ன ஆபத்து என்று கேட்கிறவர்கள், வாங்காவிட்டால் என்ன ஆபத்து என்பதையும் ஒரு தாயின் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். பணக் கணக்கும் இருக்கிறது. தினமும் இரண்டு வேளை கேரிக்குக் கொடுக்கும் காசைச் சேர்த்தாலே சிறிய வண்டியின் தவணையில் பெரும்பகுதி வந்துவிடும். கடைக்கு அரிசியும் உளுந்தும் எடுத்துவரலாம். என் மாமியாருக்கு மூச்சு வாங்கிய ராத்திரியில், பக்கத்து வீட்டுப் பையன் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனதால்தான் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்.

சரி, ஆபத்துக்கு வருகிறேன். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பர்மாவில் 1970 டிசம்பரில் சாலையின் இடப்பக்கம் போவதை மாற்றி வலப்பக்கம் போக வைத்தார்கள். ஆனால் இங்கே ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள். ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கும். வலப்பக்கம் போகிற சாலையில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டினால், முன்னால் போகும் லாரியைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று டிரைவருக்குத் தெரியாது. பாதி வண்டியை எதிர்ப்பக்கம் நீட்டிய பிறகுதான் கண்ணில் படும். அந்த நேரத்தில் எதிரே வருவது பஸ் என்றால் அவர் உள்ளே ஒதுங்கிவிடுவார். பைக் என்றால் அது ஓரத்துக்குப் போய்விடும் என்ற நினைப்பில் அப்படியே வருவார். ஓரத்தில் மண்ணும் பள்ளமும்தான் இருக்கும். ரங்கூன்–மாந்தளை பழைய சாலை எங்கள் ஊருக்கு நடுவிலேயே போகிறது. வடக்கே பாயாஜியில்தான் அது மாந்தளைக்கும் மோல்மீனுக்கும் பிரிகிறது என்பதால், இரண்டு பக்கத்து 22 சக்கர லாரிகளும் எங்கள் கடைத்தெருவைத் தாண்டித்தான் போகவேண்டும். இதில் ஒரு பதினெட்டு வயதுப் பையன் போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டிப் போவதைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பெண்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இதைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. பங்குனி உத்திரத்துக்குப் புடவை கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து போன என் அண்ணியின் முந்தானை, பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் நேரம்தான். ஆளை அப்படியே பின்னால் இழுத்துப் போட்டுவிட்டது. தோள் எலும்பு முறிந்தது. நல்ல வேளை, தலை தப்பியது. இந்தியாவில் விற்கும் வண்டிகளில் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சேலை கார்டு என்பார்கள். இங்கே ஓடுவது தாய்லாந்து வண்டியும் சீன வண்டியும். புடவை கட்டுகிறவர்களை நினைத்துச் செய்தவை அல்ல, அதனால் அந்தத் தடுப்பு அவற்றில் கிடையாது. மெக்கானிக்காக இருக்கும் என் கொழுந்தன், அண்ணி விழுந்த பிறகு இரும்புக் கம்பியை வளைத்து ஒரு தடுப்பு பற்றவைத்துக் கொடுத்தார். கால்பலகைக்குப் பக்கத்திலிருந்து சீட்டுக்குக் கீழே வரைக்கும், விரல் நுழையாத இடைவெளியில் கம்பிகள். செலவு ஒரு வேளை சாப்பாட்டுக் காசுதான். நம் தமிழ்க் குடும்பங்களில் கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு வண்டியிலும் இது இருக்கவேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

அடுத்து ஹெல்மெட். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் என்ற அமைப்பு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட தொகுப்பு ஒன்று, ஹெல்மெட் போட்டால் தலைக்காயம் 69 சதவீதமும் உயிரிழப்பு 42 சதவீதமும் குறைகிறது என்கிறது. ஆனால் எந்த ஹெல்மெட்? மார்க்கெட்டில் தொங்கும் மலிவான ஒன்றை என் கொழுந்தன் ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் காட்டினார். மேலே மெல்லிய பிளாஸ்டிக், உள்ளே மெத்தென்ற ஸ்பாஞ்ச், அதன்மேல் துணி. அவ்வளவுதான். நல்ல ஹெல்மெட்டில் ஸ்பாஞ்சுக்கும் ஓட்டுக்கும் நடுவில் தெர்மோகோல் மாதிரி கெட்டியான ஒரு அடுக்கு, கட்டைவிரல் பருமனுக்கு இருக்கும். விழும்போது அது நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. ஸ்பாஞ்சால் அது முடியாது. போலீஸ் நிற்கும் முனையில் மட்டும் தலையில் வைத்து, வாரைப் பூட்டாமல் விட்டால் நல்ல ஹெல்மெட்டும் வீண். விழுவதற்கு முன்பே கழன்று ஓடிவிடும். தகப்பன் ஹெல்மெட்டோடும், முன்னால் நிற்கும் குழந்தை வெறும் தலையோடும் போவதைத் தினமும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. குழந்தைக்கு என்ன இரும்புத் தலையா?

வண்டி வாங்கப் போகும் வீடுகளுக்கு என் யோசனையைச் சொல்கிறேன். வித்தவுட் வண்டி வாங்காதீர்கள். பதிவு இல்லாத வண்டியை இங்கே அப்படித்தான் சொல்கிறோம். விலை குறைவு என்பதுதான் ஆசை காட்டுகிறது. சோதனையில் பிடித்தால் வண்டி போய்விடும். அடிபட்டு விழுந்தால், தப்பு எதிராளியுடையது என்றாலும் போய் நியாயம் கேட்க உங்களுக்கு வாய் இருக்காது. ஓனர் புக் என்கிற பதிவுப் புத்தகமும் வீல் டாக்ஸ் என்கிற வண்டி வரியும் சரியாக இருக்கும் பழைய வண்டி, அவை இல்லாத புது வண்டியைவிட எத்தனையோ மேல். ஓனர் புக்கில் இருக்கும் எஞ்சின் நம்பரை வண்டியில் இருப்பதோடு ஒத்துப்பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

அப்புறம், 110 அல்லது 125 சிசி போதும். பையன்கள் பெரிய எஞ்சின் கேட்பார்கள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எண்பதுக்கு ஏறினால், மோதும்போது அடி இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. எங்கள் ஊர்ச் சாலைக்கு எண்பது எதற்கு? மிஞ்சும் காசில் நல்ல ஹெல்மெட் இரண்டு, புது டயர், பிரேக் கட்டை வாங்கலாம். முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடித்துவிடும் என்று இங்கே பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது பெரிய தப்பு என்கிறார் கொழுந்தன். பிரேக் பிடிக்கும்போது பாரத்தில் பெரும்பகுதி முன்னால் சாய்கிறது, அதனால் வண்டியை நிறுத்தும் பலம் பெரும்பாலும் முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. காலியான மைதானத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெல்ல அழுத்திப் பழக்கவேண்டும். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே பழக்கவேண்டும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை சாலையில் சேறு.

ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா நாட்களில் வண்டியை வீட்டை விட்டு எடுக்கவே கூடாது என்பது என் கட்டளை. ஓடுகிற வண்டியில் இருப்பவர் முகத்தில் வாளித் தண்ணீர் வந்து அடித்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, மகளுக்கு 125 சிசி ஸ்கூட்டர் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் சாவி. லாரி போகும் பெரிய சாலையை விட்டு, ரயில் பாதைப் பக்கத்துத் தெரு வழியாக வரவேண்டும். சுற்றுதான். ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

திருநெல்வேலி ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். வாங்காதே என்று நீங்கள் சொன்னால் சரி என்று தலையாட்டுகிற பிள்ளை, உங்களுக்குத் தெரியாமல் வித்தவுட் வண்டியையோ நண்பன் வண்டியையோ எடுத்துக்கொண்டு ஹெல்மெட் இல்லாமல் போவான். கூட நின்று வாங்கிக்கொடுத்தால் நம் சொல்லுக்கு ஒரு இடம் இருக்கும்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒன்று. வாகனப் பக்கத்தில் 350 சிசி வண்டிகளைப் பற்றி நிறைய எழுதுகிறீர்கள். ஒரு வாரமாவது நல்ல ஹெல்மெட்டை எப்படிப் பார்த்து வாங்குவது, சேலை கார்டை எந்த அளவில் எப்படிப் பொருத்துவது என்று படத்தோடு போடுங்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து இங்கே இருக்கும் பட்டறைகளில் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
இட்லிக் கடை நடத்தும் ஒரு வாசகி,
பெகு, பர்மா.