ஓவியத்துக்குக் கீழ வரைஞ்சவங்க பேரையும் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

போன மாசம் ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்டை அழகா வெச்சுக்கறது பத்தி ஒரு கட்டுரை வந்துதுங்க, அதுல பாதிப் பக்கத்துக்கு ஒரு மான் படம் போட்டிருந்தீங்க, மானோட கொம்பு அப்படியே மரமா வளந்து கிளை விட்டு அதுல குருவிங்க உக்காந்திருக்கும். கீழ "சுவருக்கு அழகு சேர்க்கும் பழங்குடி ஓவியம்"னு ஒரு வரி. அவ்வளவுதான். படத்தோட வலது ஓரத்துல கீழ பாத்தீங்கன்னா இந்தில ஒரு கையெழுத்து பாதியில வெட்டுப்பட்டு நிக்குது. பக்கத்துல அடங்கணும்னு படத்தை க்ராப் பண்ணிருக்காங்க, வரைஞ்சவங்க பேரு அதோட போயிருச்சு.

நான் கோயம்புத்தூர்ல 26 வருஷமா ஃப்ரேம் கடை வெச்சிருக்கேன்ங்க. சாமி படம், கல்யாண போட்டோ, பட்டமளிப்பு போட்டோன்னு வந்துட்டிருந்த கடைக்கு ஒரு பத்துப் பன்னெண்டு வருஷமா ஒரிஜினல் பெயிண்டிங்கும் வர ஆரம்பிச்சுது, அதுல கோண்டு, வார்லி, பீல்னு பழங்குடி ஜனங்களோட ஓவியத்தை ஒண்ணொண்ணா கையில எடுத்துப் பாத்துப் பாத்து எனக்கும் அந்தப் பைத்தியம் புடிச்சு, இப்ப என் வீட்டுலயே 14 ஓவியம் இருக்கு. எல்லாமே வரைஞ்சவங்க கிட்ட நேராவோ, கண்காட்சிலயோ வாங்கினது. படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை விட மேசைல மல்லாக்கப் போட்டு லென்ஸ் வெச்சுப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டதுதான் அதிகம்.

நீங்க போட்டது கோண்டு ஓவியம். மத்தியப் பிரதேசத்துல திண்டோரி மாவட்டம் பாட்டன்கட்னு ஒரு ஊரு, அங்க இருக்கற பர்தான் கோண்டு ஜனங்க பரம்பரையா பாட்டுக்காரங்க. பானான்னு ஒரு தந்தி வாத்தியத்தை வெச்சுக்கிட்டு கோண்டு வீடுகளுக்குப் போய் அவங்க சாமி கதையையும் முன்னோர் கதையையும் பாடுவாங்க. அந்தக் கதைங்கதான் பின்னாடி காகிதத்துக்கும் கேன்வாசுக்கும் வந்துச்சு, அதுக்குக் காரணமா இருந்தவரு ஜன்கட் சிங் ஷ்யாம். 1980கள் தொடக்கத்துல போபால்ல பாரத் பவன்ங்கற கலை மையம் வந்தப்ப அதோட கலைக்கூடத்தைப் பாத்துக்கிட்டவரு ஓவியர் ஜெ. சுவாமிநாதன், சிம்லாவுல பொறந்த தமிழ்க் குடும்பத்துக்காரர்ங்க அவரு. அவர் கிராமம் கிராமமா ஆள் அனுப்பினாரு, அப்படிப் போனவங்க பாட்டன்கட்ல ஒரு வீட்டுச் சுவத்துல ஜன்கட் வரைஞ்சிருந்ததைப் பாத்து அந்த இளைஞரைப் போபாலுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. 1989ல பாரிஸ்ல பாம்பிடு சென்டர்ங்கற கலை மியூசியத்துல நடந்த கண்காட்சில அவர் ஓவியம் இருந்துச்சு. 2001ல ஜப்பான்ல ஒரு மியூசியத்துக்கு வரையப் போன எடத்துல அவர் செத்துப் போனாரு, நாப்பது வயசு கூட ஆகலை. அந்தச் செய்தியை நெனச்சா எனக்கு இன்னும் மனசு ஆறாதுங்க. இந்த ஓவிய முறையையே இப்ப ஜன்கட் கலம் (ஜன்கட் பாணி)னு தான் சொல்றாங்க, ஒரு மனுசன் பேரே அந்தக் கலைக்குப் பேராயிருச்சு. அப்படிப்பட்ட கலைல வந்த ஓவியத்துக்குக் கீழ தான் பேரு இல்லாம "பழங்குடி ஓவியம்"னு போட்டிருக்கீங்க.

இன்னொண்ணுங்க. கோண்டு ஓவியத்துல உருவத்துக்கு உள்ள நெரப்பி இருக்கற புள்ளி, கோடு, பிறை, மீன் செதில் மாதிரி இருக்கற வளைவு இதெல்லாம் சும்மா அலங்காரம்னு நெனச்சுக்கறாங்க. அது அவங்கவங்க கை. ஒரு ஓவியர் புள்ளியைச் சரம் சரமா அடுக்குவாரு, இன்னொருத்தர் நெல்லு விதை மாதிரி சின்னச் சின்ன கோடா இழுப்பாரு, அடுத்தவங்க அதை அப்படியே எடுத்துப் போட மாட்டாங்க. பழகின கண்ணுக்குக் கையெழுத்தைப் பாக்காமயே இது யாரு வரைஞ்சதுன்னு ஓரளவு தெரிஞ்சிரும். அதனால தான் "பழங்குடி ஓவியம்"னு ஒட்டுமொத்தமா சொல்லும்போது எனக்கு வலிக்குது, எம்.எஸ். சுப்புலட்சுமி பாட்டைப் போட்டுட்டு "தென்னிந்தியப் பாட்டு"ன்னு மட்டும் சொன்னா நாம சும்மா இருப்போமா?

பேரு இல்லாததால என்ன நடக்குதுன்னு கடைல நேராப் பாக்கறேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அம்மா, ரிடையர் ஆன டீச்சர், வந்த பணத்துல ஆசைப்பட்டு ஒரு வார்லி ஓவியம் 18,000 ரூபாய்க்கு வாங்கிட்டு ஃப்ரேம் போடக் கொண்டு வந்தாங்க. வித்தவங்க ஒரிஜினல்னு சொல்லித் தான் குடுத்திருக்காங்க. கைல வாங்கினதுமே எனக்குச் சந்தேகம், துணி ரொம்ப வழவழன்னு இருந்துச்சு. வாட்ச் கடைக்காரங்க வெச்சிருப்பாங்களே கண்ணுல மாட்டற லென்ஸ், அதை வெச்சுப் பாத்தேன். வார்லில செம்மண்ணோ சாணியோ பூசின தளத்து மேல தான் வெள்ளையால வரைவாங்க, ஊர்ல அரிசி மாவுக் கரைசல், இப்ப நெறைய பேரு போஸ்டர் வெள்ளை. எதுவா இருந்தாலும் வெள்ளை அந்தச் செவப்பு மேல ஏறி நிக்கணும், சாய்ச்சு வெளிச்சத்துல காட்டினா மேடு தெரியணும், மூங்கில் குச்சி தொடங்கின எடம் கொஞ்சம் தடியாவும் இழுத்துட்டுப் போன எடம் மெலிசாவும் இருக்கணும். இதுல வெள்ளைன்னு தெரிஞ்சது வெறும் துணி! சுத்தி செவப்பு மட்டும் பொடிப்பொடி புள்ளியா மெஷின் தெளிச்சிருக்கு, மனுசங்க நிக்கற எடத்தை அப்படியே விட்டுட்டுப் போயிருக்கு. அந்த அம்மா கிட்ட லென்ஸைக் குடுத்துப் பாக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பாத்தாங்க, ஒண்ணும் பேசலை, அப்புறம் "பேரு கேட்டேன்ங்க, பழங்குடிகள் பேரெல்லாம் போட மாட்டாங்கன்னு சொன்னாங்க"ன்னாங்க.

அது பொய்ங்க. வார்லி ஓவியத்தை உலகத்துக்குக் காட்டின ஜிவ்யா சோமா மாஷே மகாராஷ்டிராவுல தகாணு பக்கம் கஞ்சாட் ஊர்க்காரர், 2011ல பத்மஸ்ரீ வாங்கினாரு. கோண்டுல பஜ்ஜு ஷ்யாமுக்கு 2018ல, துர்கா பாய் வ்யாமுக்கு 2022ல பத்மஸ்ரீ. பீல் ஓவியம் வரையற பூரி பாய் அதே பாரத் பவன் கட்டும்போது கட்டட வேலைக்கு வந்தவங்க, 2021ல அவங்களுக்கும் குடுத்தாங்க. ஆரம்பத்துல கல்யாண வீட்டுச் சுவத்துல சௌக்ங்கற சடங்குப் படம் வரைஞ்ச வார்லிப் பொம்பளைங்க பேரு போட்டுக்கலை, உண்மைதான், அது சடங்கு, கோலத்துக்குக் கீழ நாம பேரு போடறோமா. ஆனா விக்கறதுக்குன்னு காகிதத்துல துணில வரைய ஆரம்பிச்ச அப்புறம் போடறாங்க, போடறதுல அவங்களுக்கு அவ்ளோ பெருமை.

அதுக்காக எல்லாரும் 18,000 குடுத்துத் தான் வாங்கணும்னு சொல்லலைங்க. சின்ன அளவுல காகிதத்துல வரைஞ்ச ஒரிஜினல் ஆயிரம் ரெண்டாயிரத்துக்கே கண்காட்சில கெடைக்குது, நான் வாங்கிருக்கேன். வாங்கும்போது வரைஞ்சவங்க கிட்ட இது என்ன கதைன்னு கேளுங்க, ஊரு கேளுங்க, பின்னாடி பேரும் தேதியும் எழுதித் தரச் சொல்லுங்க. தயவுசெஞ்சு பேரம் மட்டும் பேசாதீங்க. ஒரு அடிக்கு ஒரு அடி ஓவியத்துல அந்தப் புள்ளிங்களை நான் ஒருவாட்டி எண்ண ஆரம்பிச்சு ஒரு மூலையிலயே 400 தாண்டி விட்டுட்டேன், அது மொத்தமும் கையால வெச்சது.

நம்ம பக்கத்துக் கதையும் இதே தான். கோத்தகிரி பக்கம் ஆலு குறும்பர்ங்கற பழங்குடி ஜனங்க ஓவியம் இருக்கு, வெள்ளரிக்கொம்பை கிட்ட எழுத்துப்பாறைன்னு அவங்க முன்னோர் வரைஞ்சதா சொல்ற பாறை இருக்கு. வேங்கை மரத்துப் பாலை எடுத்துத் தான் பழுப்பு நெறம், இலைய தேய்ச்சுப் பச்சை, மண்ணுல இருந்தும் நெறம் எடுப்பாங்க. தேன் எடுக்கறது, கோயில் விழா, நடனம்னு அவங்க வாழ்க்கை தான் படம். இப்ப வரையறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். என் கிட்ட அதுல ஒண்ணு இருக்கு, மலைத்தேன் எடுக்கற படம், பாறைல இருந்து கொடி ஏணி தொங்குது, அதுல ஒரு ஆளு. வெயில் படற சுவத்துல மாட்டாதீங்கன்னு குடுத்தவரு சொல்லித் தான் குடுத்தாரு, இலைப் பச்சை வெளுத்துரும்னு. கண்ணாடி ஓவியத்துல ஒட்டாம இருக்கறதுக்கு நடுவுல மவுண்ட் அட்டை போட்டு, ஈரம் ஏறாத உள் சுவத்துல மாட்டிருக்கேன். கோயம்புத்தூர்ல இருந்து மூணு மணி நேரத்துக்குள்ள போயிடற ஊரு, ஆனா என் கடைக்கு வர்றவங்கள்ல இப்படி ஒரு ஓவியம் இருக்கறதே தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி. உங்க பேப்பர்ல அவங்களைப் பத்தி, பேரோட ஊரோட, ஒரு முழுப் பக்கம் வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்.

சட்டமும் ஒரு விஷயம் சொல்லுதுங்க. ஓவியத்தைக் காசு குடுத்து வாங்கினாலும் அதைப் பிரிண்ட் எடுத்து விக்கற உரிமை வாங்கினவங்களுக்கு வந்துராது, எழுதிக் குடுத்தா ஒழிய அது வரைஞ்சவங்க கிட்டயே தான் இருக்கு. காப்பிரைட் சட்டத்துல 53ஏ பிரிவுன்னு ஒண்ணு, ஒரிஜினல் ஓவியம் கைமாறி 10,000 ரூபாய்க்கு மேல வித்தா வரைஞ்சவங்களுக்கு அதுல 10 சதவீதம் வரைக்கும் பங்கு உண்டுன்னு சொல்லுது. பங்கைக் கேக்கணும்னா மொதல்ல யாரு வரைஞ்சதுன்னு ஒரு எடத்துல எழுதி இருக்கணும்ல?

க்ராப் பண்ணாத முழுப் படம் உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கண்டிப்பா இருக்கும். அந்த வலது ஓரத்துக் கையெழுத்தை இந்தி தெரிஞ்ச ஒருத்தரை வெச்சுப் படிச்சு, வர்ற ஞாயித்துக்கிழமை இணைப்புல ஒரே ஒரு வரி, இன்ன தேதில வந்த மான் ஓவியம் இன்னார் வரைஞ்சதுன்னு போடுங்க. அந்தப் பக்கத்தை நான் எடுத்து வெச்சிருக்கேன், பேரு வந்ததும் படத்துக்குக் கீழ எழுதிக்கறேன்.

இப்படிக்கு,
ஃப்ரேம் கடைக்காரர்,
கோயம்புத்தூர்