சொல்லாமல் விட்ட நான்கு மாதம்

அன்புள்ள பாலு,

நலம்தானே? வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். நான்கு மாதங்களாக உன் அழைப்புகளை எடுக்காததற்கு வேலைப்பளுவைக் காரணம் காட்டினேன், அது பொய். ஒருமுறை தவறி எடுத்தபோது, குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று நீ கேட்டதற்குச் சளி என்றேன், அதுவும் பொய். நம் கணக்கு வாத்தியாராக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்துப் பெஞ்சின்மேல் ஏற்றியிருப்பார். நீ படித்து முடித்துவிட்டுத் திட்டு.

மணவிலக்குக்குப் பிறகு நான் பழகிவந்த பெண்ணைப் பற்றி உனக்குத் தெரியும். ஒரே ஒருமுறை ஆணுறை இல்லாமல் இருந்துவிட்டோம். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும் என்பதை நான் படித்தது ஐந்தாம் நாள். கெடு கடந்துவிட்டது என்ற எண்ணம் அன்று பிடித்ததுதான். பிறகு விடவே இல்லை.

பதினைந்தாம் நாள் தொண்டை வலித்தது. தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் காய்ச்சல், தொண்டைவலி, தடிப்பு, நெறிகட்டுதல் ஆகியவை வரலாம் என்பது அதற்குள் எனக்கு மனப்பாடம். இவை எல்லாம் சாதாரணச் சளிக்காய்ச்சலிலும் வரும் என்ற அடுத்த வரியை மட்டும் என் கண் ஏனோ தாண்டிப் போய்விட்டது. தெர்மாமீட்டர் வாங்கி நாளுக்கு எட்டு முறை பார்த்தேன். ஒருமுறைகூட 99-ஐத் தாண்டவில்லை. ஆகவே கருவிதான் பழுது என்று முடிவுகட்டி இன்னொன்று வாங்கினேன். சிரி, தாராளமாகச் சிரி. நாக்கின் வெண்மையைக் கைப்பேசியில் படமெடுத்து முந்தைய நாள் படத்தோடு ஒப்பிட்டேன். விரல்நுனிகள் மரத்தன, தொடைச்சதை துடித்தது, கழுத்தில் கடலை அளவுக்கு ஒரு கணு விரலில் தட்டுப்பட்டது. அந்தக் கணு அகப்பட்ட இரவில் உயில் எழுதுவதைப் பற்றிக்கூட யோசித்தேன். எழுதிவைக்க என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய்.

ஆறு வாரம் கழிந்து 45 நாள் நிறைந்த பிறகே மருத்துவரிடம் போனேன். அந்த அம்மையார் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை அழுத்துகிறீர்கள்?" என்று கேட்டார். முப்பது இருக்கும் என்றேன். அப்படி அழுத்தினால் எந்தக் கணுவும் வலிக்கத்தான் செய்யும் என்றார். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்கள் மரத்துப்போகும் என்பதையும் அவர்தான் விளக்கினார். கிருமியின் பி24 புரதத்தையும் அதற்கெதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வகச் சோதனையில், 45 நாளுக்குப் பிறகு இல்லை என்று வந்தால் அதை நம்பலாம் என்றார். இல்லை என்றுதான் வந்தது. சிபிலிஸ் என்ற பால்வினை நோயும் இல்லை, ஆனால் அது வெளிப்பட 90 நாள் வரை ஆகலாம் என்பதால் சென்ற வாரம் மறுபடி பார்த்தார்கள், இப்போதும் இல்லை.

ஆனால் முதல்முறை கொடுத்த சிறுநீரில் கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்று இருந்தது, பாலு. எரிச்சல் இல்லை, சீழ் இல்லை, ஒன்றுமே இல்லை. பெரும்பாலோருக்கு அது இப்படி ஓசையின்றித்தான் இருக்குமாம். நாக்கையும் கழுத்தையும் ஆறு வாரம் காவல் காத்தவனுக்கு, உண்மையில் உள்ளே இருந்த நோயைப் பற்றி உடல் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், ஏழு நாள், அவ்வளவுதான் மருத்துவம்.

அவளிடம் சொல்வதற்குத்தான் எனக்கு மூன்று நாள் பிடித்தது. பெண்களுக்கு அதைக் கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் வரை போய்ப் பிள்ளைப்பேற்றையே கெடுக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது, எச்.ஐ.வி.க்கு அஞ்சி நான் ஒளிந்திருந்த ஆறு வாரமும் அவள் ஒன்றும் தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்தாள். சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், மாத்திரையின் பெயரைக் கேட்டாள். அவளுக்கும் இருந்தது, அவளும் மருந்து சாப்பிட்டாள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை எவராலும் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் தெரியாமலே இருக்கக்கூடியது அது. அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

இத்தனைக்குப் பிறகும் கை கழுத்துக்குப் போவது முழுவதும் நிற்கவில்லை. நேற்று நான்கு முறை, இன்று இதுவரை ஒருமுறை. மருத்துவர் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பியிருக்கிறார். புதன்கிழமை முதல் சந்திப்பு. கிளமிடியா மறுபடி தொற்றியிருக்கிறதா என்று பார்க்க அடுத்த மாதம் ஒருமுறை போக வேண்டும்.

சேகரிடம் மட்டும் சொல்லாதே. அந்த மஞ்சள்காமாலைக் கதையை மறுபடியும் எடுத்துவிடுவான். நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, எடுக்கிறேன். தெர்மாமீட்டர் இரண்டு இருக்கின்றன, இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. உன் மகனுக்கு ஒன்று வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.

உன்,
ரவி