ஜாக்கியா, கடப்பாரையா?

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதமும் அம்மா வீட்டுப் படங்களும் கிடைத்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை என்று எழுதியிருந்தாய், வருத்தமாக இருந்தது. வீட்டைப் பற்றி நான் கீழே சொல்வதில் பாதி அவர்களை மனத்தில் வைத்துத்தான்.

மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் எல்லாரும் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்களே, நாமும் தூக்கி, அதோடு தம்பிக்கு மேலே ஒரு மாடியும் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். ஊரெல்லாம் தூக்குவது உண்மைதான். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, முப்பது வருடத்துக்கு முந்தைய வீடுகள் சாலைக்குக் கீழே போய்விட்டன. 2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் பலரை இந்த முடிவுக்குத் தள்ளின. ஆனால் உன் வீட்டைத் தூக்குவதா, இடித்துக் கட்டுவதா, மேலே மாடி போடலாமா என்பதை ரூஃபும் அஸ்திவாரமும்தான் சொல்ல வேண்டும். கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடு.

முதலில் ரூஃப். நீ அனுப்பிய படத்தில் சமையலறைச் சீலிங்கில் பூச்சு உப்பி, நீளவாக்கில் விரிசல் ஓடுகிறது. அது பூச்சு விரிசல் இல்லை, உள்ளே கம்பி துரு பிடித்திருக்கிறது. துரு, கம்பியின் இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அந்த அழுத்தத்தில் கீழ்க் காங்கிரீட் வெடித்து உதிர்கிறது. ஒரு சின்னச் சுத்தியலால் சீலிங் முழுக்கத் தட்டிப் பார்க்கச் சொல். கணீரென்று கேட்டால் நல்ல இடம், பொத்தென்று கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. பொத்தென்று கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் எடுத்துக்கொள்.

அடுத்தது ஃபீனால்ஃப்தலீன் சோதனை. பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே திரவம்தான், ஆல்கஹாலில் கரைத்தது. நான்கைந்து இடத்தில் காங்கிரீட்டைப் புதிதாக உடைத்து, தூளை ஊதிவிட்டு, உடைந்த முகத்தில் தெளிக்க வேண்டும். இளஞ்சிவப்பாக மாறும் பகுதியில் காரத்தன்மை இன்னும் இருக்கிறது, அது கம்பியைக் காக்கும். நிறம் மாறாத பகுதியில் காற்றிலுள்ள கரியமில வாயு புகுந்து காரத்தைத் தின்றுவிட்டது. நிறம் மாறாத ஆழத்தை ஸ்கேலால் அள. அது கம்பி இருக்கும் ஆழத்தைத் தாண்டிவிட்டால், இன்று துரு இல்லாத கம்பிக்கும் நாளை பாதுகாப்பில்லை. உங்கள் பக்கம் இன்னொரு சந்தேகமும் உண்டு. அந்தக் காலத்தில் உப்பு போர் தண்ணீரிலேயே கலவை போட்டிருந்தால், நிறம் சிவந்தாலும் குளோரைடால் துரு வரும். எனவே உடைத்த காங்கிரீட் துண்டை லேபில் குளோரைடு சோதனைக்கும் கொடு.

பிறகு, மோசமான இடத்தில் கம்பியைத் திறந்து, வயர் பிரஷால் பளபளக்கத் தேய்த்து, வெர்னியரால் விட்டத்தை அளக்கச் சொல். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தாலே குறுக்கு வெட்டில் கிட்டத்தட்ட கால்பங்கு போய்விட்டது என்று அர்த்தம். கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஓரிரு அறையில் மட்டும் இப்படி இருந்தால் சரிசெய்யலாம்: கீழே முட்டுக் கொடுத்து, கம்பிக்குப் பின்புறமும் விரல் நுழைகிற அளவு காங்கிரீட்டைக் கொத்தியெடுத்து, துரு நீக்கி, துத்தநாக பிரைமர் அடித்து, குறைந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, பழைய காங்கிரீட்டில் புதுக் கலவை ஒட்டுவதற்கான பாண்டிங் கோட் பூசி, அதன் ஈரம் காய்வதற்குள் பாலிமர் கலந்த கலவையால் அடைத்து, ஒரு வாரம் ஈரம் காக்க வேண்டும். கம்பியின் அடிப்பக்கத்தை மட்டும் சுரண்டிப் பூசிவிட்டுப் போகிறவர்களிடம் கொடுக்காதே. கம்பியின் முதுகில் துரு அப்படியே இருக்கும், இரண்டு மழைக்காலத்தில் அதே இடம் மறுபடி உப்பும். வீடு முழுக்கவே கம்பி இப்படிப் போயிருந்தால் ஜாக்கிக்குச் செலவு செய்யாதே. கெட்டுப்போன ரூஃபை நாலடி உயரத்தில் வைப்பதில் லாபம் ஒன்றும் இல்லை. அப்போது கடப்பாரைதான்.

ரூஃப் நன்றாக இருந்தால் தாராளமாகத் தூக்கு. உங்களுடையது பில்லர் இல்லாமல் சுவரே எடையைத் தாங்கும் லோட் பேரிங் வீடு, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். தூக்குவதற்கு இந்த வகைதான் தோது. பில்லர் வீட்டில் ஒவ்வொரு பில்லரையும் அறுத்து, தூக்கிய பிறகு கம்பியை இணைத்து, சுற்றிலும் காங்கிரீட் போர்த்த வேண்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பக்கத்தில் நிற்காமல் அதைச் செய்யக் கூடாது.

வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டால் எங்கே கண் வைக்க வேண்டும் என்பது புரியும். உள்ளே தரையைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். தரைமட்டத்துக்குக் கீழே சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு உடைத்து, அந்தச் சந்தில் ஜாக்கியை நிறுத்தி, மேலே சுவருக்கு அடியில் இரும்புச் சேனலைக் கொடுப்பார்கள். அடிக்கு ஒன்று, ஒன்றரை அடிக்கு ஒன்று என்று ஜாக்கி வரும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு இருநூறை நெருங்கும். எல்லாச் சுவரும் ஜாக்கியில் உட்கார்ந்த பிறகு, ஒரே குரலுக்கு எல்லாரும் ஒரே அளவு திருப்ப வேண்டும். ஒரு மூலை முந்தினால் ஜன்னல், கதவு மூலைகளில் சாய்வாக விரிசல் விழும். அதனால் நாலு மூலையிலும் நடுச் சுவரிலும் டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) குறி வைத்து, தினமும் வேலை முடிந்ததும் அளந்து எழுதிவைக்கச் சொல். கதவு, ஜன்னலுக்கு மேலுள்ள லிண்டல் மூலை விரிசல்களின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்தால், விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும், உடனே தெரிந்துவிடும்.

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் தூக்கும்போது இல்லை, தூக்கி முடித்த பிறகுதான். புதுச் செங்கல் கட்டு மேலே ஏறிப் பழைய சுவரின் அடியைத் தொடும் அந்தக் கடைசி ஒரு அங்குல இடைவெளியில் சாதாரணக் கலவையைத் திணித்துவிட்டுப் போவார்கள். கலவை காயும்போது சுருங்கும், சுவர் அந்த அளவுக்கு இறங்கும், மேலே விரிசல் வரும். அந்த இடத்துக்குச் சுருங்காத கிரவுட் (இடைவெளியை அடைக்கும் கலவை) வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடு. இன்னொன்று, உங்கள் வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிப் பெயின்ட் உரிகிறது அல்லவா, அதைத் தீர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. புதுச் சுவர் கட்டும்போதே சுற்றிலும், உள் சுவர்களுக்கும், 4 செ.மீ. கனத்தில் வாட்டர்ப்ரூஃப் கலந்த 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) காங்கிரீட் படுகை ஒன்று போட்டுவிட்டால் நிலத்து ஈரம் மேலே ஏறாது.

உயரக் கணக்கு. உன் தரை சாலைக்கு இரண்டடி கீழே. நாலடி தூக்கினால் சாலைக்கு இரண்டடி மேலே வரும். தளமட்டம் சுற்றுத் தரையிலிருந்து குறைந்தது 45 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதி. சாலை இன்னும் ஏறும் என்று வைத்துக்கொண்டால் இரண்டடி நியாயமானது. 900 சதுர அடிக்கு நாலடி நிரப்ப 36 யூனிட் (யூனிட்டுக்கு 100 கன அடி) மண் ஆகும், இடித்துக் கெட்டித்தால் இன்னும் கூடும். இந்தச் செலவு பெரும்பாலும் தூக்குகிறவர்களின் ரேட்டில் வராது, கேட்டு வாங்கிக்கொள். அரையடி கனத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். ஒரே மூச்சில் கொட்டி மேலே டைல்ஸ் போட்டால் ஒரு வருடத்தில் ஹால் நடுவே தரை பள்ளமாகும்.

அம்மாவுக்காக ஒன்று. இரண்டடி ஏற நாலு படி. ஆறு அங்குலத்துக்கு மேல் உயரம் வேண்டாம், மிதி ஒரு அடி அகலம், இரு பக்கமும் கைப்பிடி. பிற்பாடு சக்கர நாற்காலி வந்தால் சரிவுப் பாதைக்கு 1:12 என்பது கணக்கு, அதாவது 24 அடி நீளம், நடுவில் ஒரு திருப்பம். கார் நிறுத்தும் பக்கச் சுவர் ஓரமாக அதற்கு இடம் விட்டுவை. தரையை எப்படியும் உடைக்கிறார்கள், எனவே பாத்ரூம் கதவை மூன்றடி அகலமாக்கி, வழுக்காத டைல்ஸ் போட்டு, கைப்பிடி வரும் இடத்தில் சுவரைக் கெட்டியாகக் கட்டிவிடு. வெள்ளத்தில் தண்ணீர் வாசல் வழியாக மட்டும் வரவில்லை, கழிப்பறை வழியாகவும் வந்தது என்று எழுதியிருந்தாய். சாக்கடை இணைப்புக்கு முந்தைய சேம்பரில், தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு வைத்தால் அது நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்ய வேண்டும், கசடு அடைத்தால் மூடாது.

இப்போது தம்பியின் மாடி. வீட்டு மூலையில் ஒன்றும், நடுச்சுவரை ஒட்டி ஒன்றுமாக இரண்டு குழி தோண்டி, கருங்கல் அஸ்திவாரம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பத்தடி உயர ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பூச்சோடு சேர்த்து சுவர் நீளத்தின் ஒவ்வோர் அடிக்கும் 450 கிலோ. ஐந்து அங்குல ரூஃப் சதுர அடிக்கு 30 கிலோ, 12 அடி அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் அது அடிக்கு 360 கிலோவாக இறங்கும். கூட்டினால் 810. மூன்றடி அகல அஸ்திவாரமாக இருந்தால்கூட மண்ணின் மேல் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 டன் கூடுகிறது, ஆளும் சாமானும் தனி. இளகிய களிமண் மொத்தமே 10 டன்னுக்குக் குறைவாகத்தான் தாங்கும். தூக்கிய வீட்டின் புதுக் கட்டு இன்னும் உட்கார்ந்துகொண்டிருக்கும் சமயத்தில் இந்த எடையை ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. இரண்டையும் ஒரே பேக்கேஜாகச் செய்து தருகிறேன் என்ற கான்ட்ராக்டர் அஸ்திவாரத்தைப் பார்த்தாரா என்று கேள்.

மாடி வேண்டியே ஆகவேண்டும் என்றால் இப்போது பலரும் போடுகிற மாதிரி, இரும்புச் சட்டத்தின் மேல் பஃப் பேனல் (இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை வைத்த பலகை) ரூஃப் போடலாம். 5 செ.மீ. பேனல் சதுர அடிக்கு ஒரு கிலோ சொச்சம்தான், வெயிலையும் நன்றாகத் தடுக்கும். எடை குறைவதால் காற்றுதான் எதிரி. சென்னைக்குக் கணக்கில் எடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கி.மீ. பேனலைப் பிடிக்கும் திருகுகள், தூண் அடித்தட்டின் போல்ட்டுகள் எல்லாம் இழுப்புக்குக் கணக்குப் போட்டு வைத்தவையா என்று பார். அடித்தட்டு பழைய சுவரின் மேல் ஓடும் ஒரு காங்கிரீட் பெல்ட்டில் உட்கார வேண்டும், வெறும் செங்கலில் போல்ட் அடித்தால் பிடுங்கிக்கொண்டு வரும். சட்டத்துக்கு நடுவே அடைக்க, உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் சரி. எட்டு அங்குலச் சுவர் பூச்சோடு அடிக்கு 170 கிலோவுக்கு அருகில்தான். அதற்குரிய பசையை 3 மி.மீ. கனத்தில் பூசிக் கட்ட வேண்டும். செங்கலுக்குப் போல நனைய ஊறவைத்து, தடித்த சிமென்ட் கலவையில் கட்டினால் காயும்போது சுருங்கி மூட்டுக்கு மூட்டு விரியும். இரும்பும் பிளாக்கும் சேரும் இடத்தில் வலை வைத்துத்தான் பூச வேண்டும்.

தம்பி இரண்டு மூன்று வருடத்துக்குள் மாடி போடுவதாக இருந்தால், மொட்டை மாடியில் இப்போது செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு என்று செலவழிக்க வேண்டாம், எல்லாவற்றையும் பெயர்த்தெடுக்க வேண்டிவரும். விரிசலை அடைத்து, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட் போதும். சோலாரும் அப்படியே. 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி இடம் வேண்டும், நாளுக்குச் சுமார் 12 யூனிட் கிடைக்கும், 2024இல் வந்த சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் மாடி முடிவான பிறகு ஏற்று.

சோதனையில் இடிக்கத்தான் வேண்டும் என்று வந்தால், அனுமதி இப்போது எளிது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதன் மேல் ஒரு மாடியோ கட்டச் சுயசான்றில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. எழுதிக் கொடுப்பவன் நீ என்பதால் பொறுப்பும் உன்னுடையதே, இன்ஜினியர் கையெழுத்து இல்லாத கம்பி டிராயிங்கை ஏற்காதே. கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் போகக் கூடாது, உங்கள் போர் தண்ணீரை முதலில் சோதி. எம்-சாண்ட் என்ற பெயரில் குவாரித் தூள் வரும். தூள் கூடினால் கலவை இறுகும், மேஸ்திரி தண்ணீரை ஊற்றுவார், பலம் போகும். சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் கேட்டால் மணலை மாற்று, இல்லையென்றால் தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேர். சிமென்ட் பி.பி.சி. (சாம்பல் கலந்த வகை) என்றால், நம் வெயிலுக்குப் பதினாலு நாள் தண்ணீர் கட்ட வேண்டும், ஏழோடு நிறுத்த விடாதே.

தூக்குவதாக இருந்தால் அக்டோபர் மழைக்கு முன் நிரப்பும் வேலை முடிந்திருக்க வேண்டும். அதனால் குழியும் ஃபீனால்ஃப்தலீனும் இந்த மாதமே நடக்கட்டும். அஸ்திவாரத்தின் அகலம், ஆழம், கம்பி அளவு, நிறம் மாறாத ஆழம், இவற்றை அறைவாரியாக எழுதி எனக்கு அனுப்பு. அந்த கான்ட்ராக்டர் கொடுத்த மதிப்பீட்டின் நகலையும் சேர்த்து அனுப்பு, விட்டுப்போன ஐட்டங்களைக் குறித்துத் தருகிறேன். வேலை நடக்கும் மூன்று நான்கு மாதம் அம்மா எங்கே இருப்பார்கள் என்று நீ எழுதவில்லை. படி ஏறத் தேவையில்லாத தரைத்தள வாடகை வீடாக, உங்கள் தெருவிலேயே கிடைத்தால் நல்லது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்