படிவத்தில் ஒரு கேள்வியைச் சேருங்கள்

கணினி விளையாட்டு உருவாக்கப் போட்டியின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். சிறந்த ஓவியத்துக்கான பரிசு இந்த முறை எந்த விளையாட்டுக்குப் போனது, அதன் பின்னணிக் காட்சிகள் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கொண்டு உருவானவை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கேட்டவர்களுக்கு "விதியில் தடை இல்லை" என்று ஒரு வரி பதில் வந்தது. தடை போடுங்கள் என்று நானும் கேட்கவில்லை. எதற்கெல்லாம் ஏஐ பயன்பட்டது என்று விளையாட்டைச் சமர்ப்பிக்கும் படிவத்தில் கேளுங்கள், பதிலை எல்லோருக்கும் தெரியும்படி போடுங்கள். அவ்வளவுதான்.

நீங்கள் கேட்காமல் விட்டது யார் தலையில் விடிந்தது தெரியுமா? எங்கள் அணியின் ஓவியர் பிக்சல் பிக்சலாக வரைபவர். ஒரு பாத்திரம் நடக்க எட்டு ஃபிரேம், அதாவது எட்டுப் படம். ஓரிடத்தில் தோள் ஒரு பிக்சல் இறங்காவிட்டாலும் கால் தரையில் பாவாததுபோல் இருக்கும். அதற்காக எட்டையும் மறுபடி வரைவார். முடிவு வெளியானதிலிருந்து அவர் படங்களுக்குக் கீழே "இதுவும் ஏஐதானே?" என்று கேட்கிறார்கள். மூலக் கோப்பை லேயர்களோடு, அதாவது வரைந்த அடுக்குகளோடு, பொதுவில் போட்டார். பென்சில் கோடுகளையும் போட்டார். "அதையும் ஏஐ செய்யும்" என்றார்கள். கையால் வரைந்தவர் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும், வரையாதவர் வாயே திறக்க வேண்டாம் என்பது என்ன நியாயம்?

படிவத்தில் பொய் சொன்னால் என்ன செய்வது என்பீர்கள். பிடிபட்டால் பரிசைத் திரும்பப் பெற உங்கள் கையில் ஓர் உறுதிமொழியாவது இருக்கும். இன்று அதுகூட இல்லை. கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் 2024 ஜனவரியிலிருந்து கேட்கிறது: ஏஐ கொண்டு முன்பே உருவாக்கிச் சேர்த்தது எது, ஆடும்போதே உருவாவது எது என்று பிரித்துக் கேட்டு, பதிலை விளையாட்டின் பக்கத்தில் காட்டுகிறது. அத்தனை பெரிய கடையால் முடிவது உங்களால் முடியாதா?

இது ஓவியத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. படம் உருவாக்கும் ஏஐகளுக்குப் பயிற்சி தர உதவிய லயான் 5பி தொகுப்பில் 500 கோடிக்கும் மேற்பட்ட படங்களின் இணைப்புகள் உள்ளன. வரைந்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. நிரலிலும் இதே கதைதான். நிரலை எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமம் கேட்பது ஒன்றே ஒன்று: எழுதியவர் பெயர் இருக்கும் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வை. அந்தப் பெயர்கள்கூட மிஞ்சவில்லை என்றுதான் 2022 நவம்பரில் நிரல் எழுதும் ஏஐயான கோபைலட் மீது நிரலாளர்கள் வழக்குப் போட்டார்கள். இலவசமாகக் கொடுத்தவர்களுக்கு ஒரு வரி நன்றிகூட இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

அந்த வழக்கை நீங்கள் தீர்க்க முடியாது, தெரியும். உங்களால் முடிந்ததைத்தான் கேட்கிறேன். பிழை தேட நானும் ஏஐயைப் பயன்படுத்துகிறேன். அதைப் படிவத்தில் எழுத எனக்குத் தயக்கமில்லை. ஓவியம், இசை, குரல், நிரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அந்தக் கேள்வியைச் சேருங்கள். அடுத்த போட்டியின் அறிவிப்பு வருவதற்குள் செய்துவிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
போட்டியில் பங்கேற்ற நிரலாளர் ஒருவர்