தேர்தல் வைத்தால் பிரீமியம் குறையுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் மாநிலக் காப்பீட்டு ஆணையரை ஆளுநர் நியமிக்கக் கூடாது, மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சென்ற இதழ்க் கட்டுரை வாதிட்டது. தேர்தலால் பிரீமியம் குறையும் என்பதற்குக் கலிபோர்னியாவைச் சான்றாகக் காட்டியது. அந்தச் சான்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் காப்பீட்டைக் கண்காணிப்பது மாநிலங்களின் பொறுப்பு. 50 மாநிலங்களில் 11 மட்டுமே இதற்கான ஆணையர் பதவிக்குத் தேர்தல் வைக்கின்றன. கலிபோர்னியா அந்த வரிசையில் சேர்ந்தது 1988 நவம்பர் வாக்கெடுப்பில் மக்கள் நேரடியாக நிறைவேற்றிய '103-ஆம் முன்மொழிவு' என்ற சட்டத்தால். ஆனால் அதில் தேர்தல் ஓர் அங்கம்தான். கட்டணத்தை மாற்றுமுன் நிறுவனம் அனுமதி வாங்க வேண்டும் என்றது அது. கார் பாலிசிக்கு ஓட்டுநரின் விபத்து, விதிமீறல் வரலாறும், ஆண்டுக்கு ஓட்டும் மைலும், ஓட்டிய அனுபவமும்தான் முதலில் எடைபோடப்பட வேண்டும் என்றது. பாலிசிதாரர்கள் சார்பில் வாதாடி விசாரணைக்கு உண்மையிலேயே உதவியவருக்கு அந்தச் செலவைத் திருப்பித் தரவும் வழி செய்தது. மக்களுக்குப் பணம் மிச்சமானது இவற்றால்தான். நாற்காலியில் இருப்பவர் நியமிக்கப்பட்டவரானாலும் இவை இப்படியே வேலை செய்யும்.

நடைமுறையைப் பாருங்கள். கட்டணத்தை மாற்ற நிறுவனம் விண்ணப்பித்ததும் மாநிலக் காப்பீட்டுத் துறை பொது அறிவிப்பு வெளியிடும். 45 நாளுக்குள் பாலிசிதாரர் யாரும் விசாரணை கேட்கலாம். வீடு, கார் போன்ற தனிநபர் பாலிசிகளில் கேட்கும் உயர்வு 7 சதவீதத்தைத் தாண்டினால், கோரிக்கை வந்தபின் விசாரணை நடத்தியே தீர வேண்டும். தாண்டாவிட்டால் நடத்துவதும் விடுவதும் ஆணையர் விருப்பம். 6.9 சதவீத விண்ணப்பங்கள் குவிந்தது இதனால்தான். தேவைப்பட்டது அதைவிட அதிகம் என்றாலும் விசாரணையின் தாமதத்துக்கு அஞ்சி நிறுவனங்கள் 6.9-இல் நின்றன, மீதிப் பற்றாக்குறை ஆண்டுதோறும் சேர்ந்தது.

கணக்கிடும் முறையிலும் கோளாறு இருந்தது. காட்டுத்தீ இழப்பைக் குறைந்தது கடந்த 20 ஆண்டு அனுபவத்தின் சராசரியிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. வரப்போகும் தீயை மதிப்பிடும் கணினி மாதிரிகளுக்கும், வீட்டுக் காப்பீட்டில் மறுகாப்பீட்டுச் செலவுக்கும் (காப்பீட்டு நிறுவனங்கள் தங்களுக்கே எடுத்துக்கொள்ளும் காப்பீட்டின் செலவு) 2024 டிசம்பரில்தான் விதிகள் இடம் கொடுத்தன. தேர்தலைச் சந்திக்கும் எவருக்கும் இப்படிப்பட்ட மாற்றத்தைத் தள்ளிப்போடத்தான் தோன்றும். பிரீமியம் ஏறினால் திட்டு அவருக்கு விழும். இதற்கிடையில் 2023 மே மாதம் ஸ்டேட் பார்ம் காப்பீட்டு நிறுவனம் கலிபோர்னியாவில் புதிய வீட்டு பாலிசிகளை நிறுத்தியது. வேறெங்கும் பாலிசி கிடைக்காதவர்கள், காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் கடைசிப் புகலிடமான ஃபேர் பிளானுக்குப் போனார்கள். அது முக்கியமாகத் தீ இழப்புக்கானது, வீடுகளுக்கு உச்சவரம்பு 30 லட்சம் டாலர். திருட்டுக்கும் குழாய்க் கசிவுக்கும் தனியாக இன்னொரு பாலிசி எடுக்க வேண்டும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் எரிந்த பாலிசேட்ஸ், ஈட்டன் காட்டுத்தீக்களுக்குப் பின் அதன் கையிருப்பு போதாமல் உறுப்பு நிறுவனங்களிடம் 100 கோடி டாலர் வசூலிக்கப்பட்டது. அதில் பாதியை நிறுவனங்கள் தங்கள் பாலிசிதாரர்கள் தலையில் போட அனுமதி உண்டு. அடக்கி வைத்த கட்டணம் வேறு வாசலால் வந்துவிட்டது.

கட்டுரை தொடாத விஷயம் தேர்தல் செலவு. சாதாரண வாக்காளர் இந்தப் பதவிக்கு நன்கொடை தருவதில்லை. தருவதற்குக் காரணம் உள்ளவர்கள் காப்பீட்டுத் துறையினர்தாம். லூசியானாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று ஆணையர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சிறை சென்றார்கள். அவர்களில் டக் கிரீனுக்குத் தேர்தல் பணம் கொடுத்த சாம்பியன் என்ற காப்பீட்டு நிறுவனம் 1989-இல் நொடித்துப்போனது. கலிபோர்னியாவின் ஆணையர் சக் குவாக்கன்புஷ் 2000-இல் பதவி விலகினார்: 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்க கிளைம்களைச் சரியாகத் தீர்க்காத நிறுவனங்களை அபராதத்திலிருந்து விடுவித்து, அறக்கட்டளைகளுக்குப் பணம் கட்ட வைத்தார். வட கரோலினாவின் ஆணையர் மைக் காசி நேர்மையாக எஃப்.பி.ஐ.யிடம் சொல்லி, லஞ்சம் கொடுக்க வந்தவரைப் பிடித்துக் கொடுத்தார். ஆனால் அந்த லஞ்சம் வந்த உருவம் தேர்தல் நன்கொடை என்பதைக் கவனியுங்கள்.

நியமனம் மட்டும் மருந்து என்றும் நான் சொல்லவில்லை. புளோரிடா 2003-இல் தேர்தலைக் கைவிட்டது. வீட்டுப் பிரீமியத்தில் இன்று அது நாட்டின் உச்சத்தில் உள்ள மாநிலங்களில் ஒன்று. ஆளுநர் நினைத்த நேரத்தில் நீக்கலாம் என்றால் நியமிக்கப்பட்டவரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார். வேண்டியது நிர்ணயித்த பதவிக்காலம், எழுத்தில் காரணம் காட்டாமல் நீக்க முடியாத பாதுகாப்பு, பதவி முடிந்து சில ஆண்டுகளுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் சேரத் தடை, இவற்றோடு முன் அனுமதியும் மக்கள் தரப்பு வாதமும். இந்தியாவில் காப்பீடு மத்தியப் பட்டியலில் இருப்பதால் மாநில ஆணையரே கிடையாது, காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் தலைவரை மத்திய அரசு நியமிக்கிறது. ஆனாலும் மூத்த குடிமக்களின் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துமுன் தன்னைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் அந்த ஆணையம் உத்தரவிட்டது. கலிபோர்னியாவின் 7 சதவீத வரம்புக்கு அது அண்ணன் தம்பி உறவு. தேர்தல் இல்லாமலே வந்தது.

கலிபோர்னியாவில் வீடு வைத்திருக்கும் நம் வாசகர்களுக்கு ஒன்று. புதுப்பிப்புக் கடிதத்தில் கட்டணத்தைப் பார்க்கும்போது உயர்வு ஏற்கெனவே அனுமதி பெற்றிருக்கும். அப்போது எதிர்த்துப் பயன் இல்லை. காப்பீட்டுத் துறை இணையதளத்தில் உங்கள் நிறுவனத்தின் கட்டண விண்ணப்பங்களை அவ்வப்போது தேடுங்கள். 45 நாள் ஓடத் தொடங்குவது பொது அறிவிப்பு வந்த நாளிலிருந்து.

அன்புடன்,
ஒரு வாசகர்,
சாக்ரமெண்டோ