வந்த 29 பைசாவில் வடசென்னைக்கு எத்தனை? தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களே, வணக்கம்.

தமிழ்நாடு ஒரு ரூபாய் வரி கொடுத்தால் 29 பைசாதான் திரும்பி வருகிறது என்று நீங்கள் பேசும்போதெல்லாம் நாங்கள் உங்கள் பக்கம் நின்றிருக்கிறோம். இனியும் நிற்போம். ஒன்றிய வரியை மாநிலங்களுக்குப் பங்கிட்டுச் சொல்லும் நிதிக்குழுக்களில் 13ஆவது குழு நமக்கு 4.969 விழுக்காடு வைத்தது. 14ஆவது குழு அதை 4.023 ஆகக் குறைத்தது. 15ஆவது குழு 4.079 என்று பேருக்கு ஏற்றிக் கொடுத்தது. செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் வசூலாகும் பணம் பங்குக்கே வருவதில்லை. கல்வி நிதியில் 2024-25க்கு உரிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தபோது எங்கள் பகுதி அரசுப் பள்ளிகளின் பிள்ளைகளும் அதில் அடக்கம். இந்தச் சண்டையில் எங்களுக்கு உங்களோடு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை.

நாங்கள் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி. வந்த 29 பைசா தமிழ்நாட்டுக்குள் எங்கே போனது? திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய வடசென்னையின் ஆறு மாநகராட்சி மண்டலங்களுக்கு எவ்வளவு வந்தது? இதற்கு ஒரே இடத்தில் பதில் கிடைக்காது. மாநில அரசின் கோட்டையில் இல்லை, மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் இல்லை, தில்லியிலும் இல்லை.

எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியபோது ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்தார்கள். வேலையின் பெயர், மதிப்பீடு, ஒப்பந்ததாரர் பெயர் எல்லாம் இருந்தது. ‘நிதி ஆதாரம்’ என்று எழுதி, எதிரே வெறும் கோடு. வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் எங்கள் தெரு அக்கா ஒருவர் எழுந்து கேட்டார்: “சார், இது யார் காசு? தில்லி காசா, கோட்டை காசா, கடன் காசா?” பொறியாளர் நல்ல மனிதர்தான். “எல்லாம் சேர்ந்ததுதாம்மா” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்த கோப்பிலும் அதற்கு மேல் இருந்திருக்காது.

அக்கா கேட்ட மூன்றும் வேறு வேறு. கொசஸ்தலையாறு வடிநிலத்தில் வடிகால் கட்ட 2021இல் ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் கொடுத்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியது ஒன்றிய அரசு, திருப்பிக் கட்டுவது தமிழ்நாடு. சென்னை வெள்ளத் தடுப்புக்கு 2023 டிசம்பரில் ஒப்புதலான 561.29 கோடி ரூபாய் திட்டத்தில் 500 கோடி ஒன்றிய அரசின் மானியம். திருப்பித் தர வேண்டியதில்லை. நகர்ப்புறச் சுகாதாரத் திட்டம் 60க்கு 40. குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கான அம்ருத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் சென்னை போன்ற பெருநகருக்கு ஒன்றியப் பங்கு கால்வாசிதான். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் கட்டும் வாரியக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் மட்டும் தில்லிப் பணம், மிச்சம் மாநிலமும் பயனாளியும். பெயர்ப்பலகையில் மட்டும் ‘பிரதமர்’ என்று பெரிதாக இருக்கும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரிந்தால்தான் யாரிடம் போய் நிற்பது என்று ஒரு தெருவுக்குத் தெரியும்.

கணக்கு வைப்பது முடியாத காரியம் இல்லை. 2014-15 முதல் ஒன்றியத் திட்டப் பணம் மாநிலக் கருவூலம் வழியாக வருகிறது. 2021க்குப் பிறகு ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலத்தில் ஒரே முகமை, ஒரே வங்கிக் கணக்கு. செலவுப் பட்டியல் (பில்) போடுவது முதல் பணம் பட்டுவாடா வரை கணினியில் நடக்கிறது. ஆனால் வரவு செலவுத் திட்டப் புத்தகத்தைத் திறந்தால் மானியக் கோரிக்கை எண் இருக்கும், துறை இருக்கும், கணக்குத் தலைப்பு இருக்கும், ஊர் இருக்காது. ஒரு ரூபாய் எந்தத் துறையின் கையால் செலவானது என்று சொல்லும் புத்தகம், எந்த மண்ணில் செலவானது என்று சொல்லாது.

ஊர் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2016 ஜனவரியில் அறிவித்த முதல் 20 நகரங்களில் சென்னை ஒன்று. ஒரு நகருக்கு ஒன்றிய அரசு 500 கோடி, அதே அளவு மாநிலத் தரப்பும் போட வேண்டியிருந்தது. ஒரு பகுதியை மட்டும் எடுத்து மேம்படுத்தும் வேலைக்கு நம் மாநகரம் தேர்ந்தெடுத்த இடம் தியாகராய நகர். 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தார்கள். தி.நகர்க்காரர்கள்மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுக்க நாங்களும் அங்கேதான் போகிறோம். ஆனால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது தில்லி இல்லை. திட்டத்தை எழுதியது இங்கே, அனுப்பியது இங்கே. ‘சென்னைக்கு வந்தது’ என்று நாளிதழில் படித்த எங்கள் சனம் அது கொருக்குப்பேட்டைக்கும் வந்தது என்றுதான் நினைத்தது.

இதைவிடக் கொடுமையானது காற்றின் கணக்கு. 15ஆவது நிதிக்குழு 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள பெருநகரப் பகுதிகளுக்குத் தனி நிதி வைத்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு காற்றின் தரத்தை மேம்படுத்துவதற்கே. சென்னையும் அந்தப் பட்டியலில் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியைக் கடும் மாசுப் பகுதி என்று 2009இலேயே வகைப்படுத்திவிட்டது. அப்படியானால் சென்னையின் காற்றுக்காக வந்த பணத்தில் மணலிக்கும் எண்ணூருக்கும் கத்திவாக்கத்துக்கும் போனது எத்தனை கோடி? சாலை பெருக்கும் இயந்திரம் வாங்கியிருந்தால் அது எந்தத் தெருவில் ஓடுகிறது? கேட்டால் நகரத்துக்கான மொத்தத் தொகையைச் சொல்வார்கள். மூச்சு விடுவது மொத்தத்தில் இல்லையே ஐயா.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒன்றிய அரசின் பணமே எங்கள் பக்கம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். தமிழ்நாட்டில் ஒன்றிய அரசின் கை அதிகம் பதிந்த இடங்களில் எங்கள் பகுதியும் ஒன்று. சென்னைத் துறைமுகம் 1881இலிருந்து இருக்கிறது. 1955இல் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். வந்தது. மணலி சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, 2001இல் எண்ணூர்த் துறைமுகம், வல்லூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம் என்று வரிசையாக வந்தன. ஐ.சி.எஃப்., ரயில்வே லோகோ பணிமனைத் தொழிலாளர் சம்பளமும் ஓய்வூதியமும்தான் பெரம்பூரையும் அயனாவரத்தையும் வளர்த்தது. அந்தப் பணம் எங்கள் கடைகளில் புரண்டது, எங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. வண்ணாரப்பேட்டையோடு நின்ற மெட்ரோ 2021 பிப்ரவரியில் 9 கிலோமீட்டர் நீண்டு விம்கோ நகருக்கு வந்தது. 3,770 கோடி ரூபாய் திட்டம். நன்றி மறக்கவில்லை.

ஆனால் எங்கள் மண்ணில் செலவாகும் பணமும் எங்களுக்காகச் செலவாகும் பணமும் ஒன்றல்ல. எண்ணூர் விரைவுச் சாலையை அகலப்படுத்த தேசிய நெடுஞ்சாலை ஆணையமும் துறைமுகங்களும் மாநில அரசும் சேர்ந்து பணம் போட்டன. எதற்காக? ஸ்ரீபெரும்புதூர் சரக்கு கப்பல் ஏற வேண்டும் என்பதற்காக. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்களின் வரிசையை ஒருநாள் இரவு வந்து பாருங்கள். டிரைவர்கள் ஸ்டீயரிங் மேலேயே தலை சாய்த்துத் தூங்குவார்கள், குளிக்க இடமில்லை, கழிப்பறை இல்லை. அந்த வரிசைக்கும் கடல் தடுப்புக் கற்களுக்கும் நடுவே உள்ள இடுக்கில் மீன் கூடையோடு டி.வி.எஸ். 50 ஓட்டிக்கொண்டு காசிமேட்டிலிருந்து பெண்கள் போவார்கள். மதுரவாயல்–துறைமுகம் மேம்பாலச் சாலைக்கு 2009இல் அடிக்கல், 2012இல் நிறுத்தம், 2022இல் மறுபடி அடிக்கல். அது முடிந்தால் நாட்டின் ஏற்றுமதிக்கு நல்லது, மறுக்கவில்லை. அதை எங்கள் வளர்ச்சிக் கணக்கில் எழுதாதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

போகும் பணத்தையும் எழுத வேண்டும். 2020இல் காமராஜர் துறைமுகத்தில், அதாவது எண்ணூர்த் துறைமுகத்தில், தன்னிடம் இருந்த பங்குகளை ஒன்றிய அரசு சென்னைத் துறைமுகத்துக்கே 2,383 கோடி ரூபாய்க்கு விற்றது. எங்கள் கரையில் உள்ள ஒரு துறைமுகம் எங்கள் கரையில் உள்ள இன்னொரு துறைமுகத்தை வாங்கியது. பணம் தில்லிக்குப் போனது. அரசமைப்பின் 285ஆவது பிரிவுப்படி ஒன்றிய அரசின் சொத்துக்குச் சொத்து வரி கிடையாது. ரயில்வே நிலம் இவ்வளவு பரந்து கிடக்கும் பகுதியில் மாநகராட்சிக்கு அது சின்ன விஷயமா? வரிக்குப் பதில் சேவைக் கட்டணம் கேட்கலாம் என்று ஏற்பாடு உண்டு. அதில் எவ்வளவு வசூலாகி எந்த மண்டலத்துக்குத் திரும்பியது என்பதும் இந்தக் கணக்கில் ஒரு வரியாக வர வேண்டும். பொதுத்துறை ஆலைகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியும் அப்படித்தான். உள்ளூருக்கு முன்னுரிமை என்று 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டமே சொல்கிறது.

“தில்லியோடு மல்லுக்கட்டும் நேரத்தில் வீட்டுக்குள் பங்கு கேட்கலாமா? இதை வைத்தே நம்மைப் பிரிப்பார்களே” என்று கட்சித் தோழர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் மாநிலங்களுக்கிடையே சமமில்லை என்று நாம் சொல்லும் அதே நியாயம் மாநிலத்துக்குள்ளும் செல்ல வேண்டும். கர்நாடகம் 2002இல் நஞ்சுண்டப்பா குழுவை வைத்து வட்டம் (தாலுகா) வாரியாகப் பின்தங்கிய நிலையை அளந்தது. கேரளம் ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் எவ்வளவு என்று பட்ஜெட்டின் நான்காம் பின்னிணைப்பில் அச்சிடுகிறது. அந்த மாநிலங்கள் உடைந்துவிடவில்லை. அமெரிக்காவில் கூட்டாட்சி அரசு எந்த மாநிலத்தில், எந்தக் கவுன்டியில் எவ்வளவு செலவழித்தது என்று 1983 முதல் 2010ஆம் நிதியாண்டு வரை ஆண்டறிக்கையாகவே வெளியிட்டார்கள். சம்பளம், ஓய்வூதியம், மானியம், கொள்முதல் என்று வகை பிரித்து.

இங்கேயும் மனம் வைத்தால் நடக்கிறது. விருதுநகரும் ராமநாதபுரமும் 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று அறிவிக்கப்பட்ட பிறகு அவற்றின் குறியீடுகளை மாதந்தோறும் பார்க்கிறார்கள். நல்லது. எங்கள் சிக்கல், நாங்கள் சென்னை மாவட்டம். அடையாறும் எண்ணூரும் ஒரே சராசரிக்குள் போய்விடுகின்றன. ஊரக வேலைத் திட்டம் எங்களுக்கு இல்லை, விவசாயி உதவித்தொகை எங்களுக்கு இல்லை, பின்தங்கிய வட்டாரப் பட்டியலிலும் நகர மண்டலத்துக்கு இடமில்லை. போதாததற்கு எல்லை வேறு: வல்லூரும் காமராஜர் துறைமுகமும் திருவள்ளூர் மாவட்டம், அவற்றின் சாம்பலும் லாரியும் எங்களுக்கும் சேர்த்து. ஆகவே மாவட்ட வாரியாகக் கணக்குக் கொடுத்தால் போதாது, மண்டல வாரியாக வேண்டும்.

உங்கள் தொகுதி மேம்பாட்டு நிதியில் ஆண்டுக்கு 5 கோடி. அதில் ஒரு பேருந்து நிழற்குடை கட்டினாலும் எந்த இடம், எவ்வளவு தொகை, எந்த ஆண்டு என்று பதிவாகிறது, சுவரில் உங்கள் பெயரும் எழுதப்படுகிறது. 5 கோடிக்கு முடிந்தது ஆயிரக்கணக்கான கோடிக்கு ஏன் முடியாது? கருவூலத்தில் செலவுப் பட்டியல் ஏற்றும்போது வேலை நடக்கும் வார்டு எண்ணை நிரப்பாமல் மேலே போக முடியாது என்று ஒரு கட்டம் வைத்தால் போதும்.

உங்களிடம் அதற்கான அதிகாரமும் இருக்கிறது. மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு, அதாவது திஷா குழு, 2016இலிருந்து இருக்கிறது. தலைவர் மக்களவை உறுப்பினர், உறுப்பினர் செயலர் மாவட்ட ஆட்சியர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். ஒன்றியத் திட்டங்களை ஆராய்வதற்கென்றே உள்ள குழு. அதில் சென்னையின் எல்லா மண்டலங்களுக்கும் கடந்த 5 ஆண்டுக் கணக்கைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றிய மானியம், மாநிலப் பங்கு, கடன், துறைமுகமும் ரயில்வேயும் நெடுஞ்சாலை ஆணையமும் நேரடியாகச் செலவழித்தது, எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 63,246 கோடி ரூபாயில் மாதவரத்துக்கும் ஓட்டேரிக்கும் இடையே எவ்வளவு என்பதும் அதில் வரட்டும். துறைமுகமும் ரயில்வேயும் மாநில அதிகாரிக்குப் பதில் சொல்ல மாட்டோம் என்றால் அதை மட்டும் எழுத்துவழிக் கேள்வியாக மக்களவையில் வையுங்கள். 39 பேரில் யார் கேட்டாலும் சரி. கோவைக்காரரோ தஞ்சைக்காரரோ கேட்டால் இன்னும் மகிழ்ச்சி, ஏனென்றால் இதே கணக்கு நாளை அவர்கள் ஊருக்கும் தேவைப்படும்.

குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில், மண்டல அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த உள்ளாட்சி நாள் நவம்பர் 1. அன்று நடக்கும் பகுதி சபைக்கு அந்தத் தாள் வந்து சேர்ந்தால், எங்கள் தெருவில் நடந்த வேலைகளின் பட்டியலை நாங்களே அதோடு ஒப்பிட்டு, விட்டுப்போனதை எழுதி உங்களுக்கு அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
திருவொற்றியூர் மண்டலத்துக் குடிமகன்